டிசம்பரில் ஊருக்கு: அப்கிரேடு பாயிண்ட்டை எந்த ரூட்டில் செலவழிக்கலாம்?

எடிசன்_மணி

வணக்கம். யுனைடெட் விமான நிறுவனத்தில் எனக்கு இந்த வருடம் 1கே, அதாவது அடிக்கடி பறப்பவர்களுக்கான உயர்ந்த ஸ்டேட்டஸ், வந்துவிட்டது. அதற்கு முந்தைய பிளாட்டினம் நிலைக்கு 40, 1கே நிலைக்கு 280, ஆக 320 பிளஸ்பாயிண்ட், அதாவது சீட்டை மேல் வகுப்புக்கு மாற்றும் அப்கிரேடு பாயிண்ட், கணக்கில் இருக்கிறது. நாங்கள் இருப்பது நியூஜெர்சி. மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என நான்கு பேரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னைக்குப் போகிறோம். நெவார்க்கிலிருந்து டெல்லிக்கு நேரடி விமானம், அங்கிருந்து ஏர் இந்தியாவில் சென்னை என்பது இப்போதைய திட்டம்.

எகானமியிலிருந்து போலாரிஸுக்கு, அதாவது கால் நீட்டிப் படுக்கும் பிசினஸ் கிளாஸுக்கு, ஒருவருக்கு ஒரு வழிக்கு 40 பாயிண்ட். நான்கு பேருக்கு 160. போக, வர இரண்டுக்கும் சரியாக 320. கணக்கு கச்சிதமாகப் பொருந்துவதால் மொத்தத்தையும் இதிலேயே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். டெல்லி வரை சுமார் 14 மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தே போவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே பாயிண்ட் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். எந்த ரூட்டில் போட்டால் உண்மையிலேயே கிடைக்கிறது?

ஃப்ரீமான்ட்_மாறன்

மணி, வாழ்த்துகள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டது நல்லது. முதலில் அந்த 40 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

40 எல்லா எகானமி டிக்கெட்டுக்கும் பொருந்தாது. டிக்கெட்டின் கட்டண வகுப்பு, அதாவது விலை அளவைக் குறிக்கும் ஒற்றை எழுத்து, டபிள்யூ அல்லது அதற்கு மேலே இருந்தால்தான் 40. அதற்குக் கீழே எஸ், டி, எல், கே என்று மலிவு வகுப்புகள் இருக்கின்றன. அவற்றில் போலாரிஸ் கேட்டால் 80 பாயிண்ட். எல்லாவற்றிலும் மலிவான பேசிக் எகானமிக்கு அப்கிரேடே கிடையாது. குடும்பமாகப் போகிறவர்கள் விலை பார்த்து முன்கூட்டியே எடுக்கும் டிக்கெட் பெரும்பாலும் அந்த மலிவு வகுப்பில்தான் விழும். அப்படி விழுந்தால் நான்கு பேருக்கு ஒரு வழிக்கே உங்கள் 320-ம் தீர்ந்துவிடும். டபிள்யூ வகுப்புக்கு ஏற எவ்வளவு கூடுதல் பணம் என்று பார்த்து, அதை நான்கால் பெருக்கிப் பாருங்கள். அதன் பிறகும் பெரும்பாலும் கிடைப்பது காத்திருப்புப் பட்டியலில் ஒரு இடம்தான்.

அடுத்து தூரம். யுனைடெட் கண்டம் தாண்டும் ரூட் எல்லாவற்றுக்கும் ஒரே விலை வைத்திருக்கிறது. நெவார்க்கிலிருந்து லண்டனுக்கு 7 மணி நேரம், 40 பாயிண்ட். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 13,600 கிலோமீட்டர், 16 மணி நேரத்துக்கு மேல், அதற்கும் அதே 40. எங்கள் பகுதித் தமிழர்கள் நிறையப் பேர் சிங்கப்பூர் வழியாகவே ஊருக்குப் போகிறோம். யுனைடெட்டின் சான்பிரான்சிஸ்கோ–டெல்லி விமானம் 2019 டிசம்பரில் தொடங்கியது. 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடிய பிறகு அது இல்லை. பெங்களூருக்கு நேரடி விமானம் அறிவித்தார்கள், அது பறக்கவே இல்லை. அதனால் சிங்கப்பூர் வரை யுனைடெட், அங்கிருந்து சென்னைக்கு 4 மணி நேரம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். அந்தக் கடைசித் துண்டுக்கு நம் பாயிண்ட் உதவாது. ஆனால் 4 மணி நேரத்தை எகானமியில் யாரும் சமாளிக்கலாம்.

கொளத்தூர்_பாலா

டிக்கெட்டிங் வேலையில் பல வருடம் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் சார். அப்கிரேடு பாயிண்ட் வேறு, அப்கிரேடு சீட் வேறு. பிசினஸ் கிளாஸில் 20 சீட் காலியாக இருப்பதாக வரைபடத்தில் தெரியும். ஆனால் பாயிண்ட்டுக்கென்று எத்தனை சீட்டைத் திறப்பது என்பதை வருவாய்ப் பிரிவு தனியாக முடிவு செய்யும். யுனைடெட்டில் அந்தத் தனிக்கணக்கின் பெயர் பி.இசட். பி.இசட்டில் எண் இருந்தால் கேட்ட நிமிடமே உறுதி. பூஜ்யம் என்றால் வெயிட்லிஸ்ட். யுனைடெட் இணையதளத்தில் எக்ஸ்பர்ட் மோட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இந்த எழுத்துகளும் எண்களும் தெரியும். எக்ஸ்பர்ட்ஃப்ளையர் தளத்தில் சீட் திறந்தால் அறிவிப்பு வரும்படியும் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 3 என்றால் சார்ட் வரும் முன்பே ஏறிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அப்படி நம்பக் கூடாது. ரயிலில் உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் முன்னால் பதிந்தவர்கள். விமானத்தில் உங்களுக்குப் பின்னால் பதிந்தவரும் ஸ்டேட்டஸ் உயர்ந்தவராக இருந்தால் முன்னால் போய்விடுவார். ஸ்டேட்டஸ் சமமாக இருந்தால் கட்டண வகுப்பு பார்ப்பார்கள். அது போக, காலி சீட்டைக் கடைசி நாள் வரை ஆப் வழியாகப் பணத்துக்கும் விற்கிறார்கள். டெல்லி விமானத்தில் டிசம்பர் மூன்றாம் வாரம் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் உயர்ந்த ஸ்டேட்டஸ்காரர்களாக இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கன்சல்டிங், ஐடி என்று வருடம் முழுக்கப் பறந்தவர்கள் எல்லோரும் அதே வாரத்தில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறார்கள். எல்லோர் கையிலும் பாயிண்ட் இருக்கிறது.

நான்கு பேர் ஒரே பதிவில் இருந்தால் நான்கு சீட் சேர்ந்து திறக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். பதிவைப் பிரித்தால் ஒருவர் இருவருக்குக் கிடைக்கலாம். ஆனால் பிள்ளைகள் பின்னால், நீங்கள் முன்னால் என்று ஆகும்.

எடிசன்_மணி

பாலா சார், மாறன், ரொம்ப நன்றி. கட்டண வகுப்பு விஷயம் தெரியும், ஆனால் 80 ஆகும் அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது பார்க்கும் டிக்கெட் எல்லாம் டபிள்யூவுக்குக் கீழேதான் வருகிறது. ஐரோப்பா வழியாகப் போனால் வாய்ப்பு கூடுமா? பிராங்பர்ட் வரை யுனைடெட், பிறகு லுஃப்தான்ஸாவில் நேராகச் சென்னை. டெல்லியில் இறங்கி ஏற வேண்டிய தொல்லையும் இல்லை.

கொளத்தூர்_பாலா

வாய்ப்பு கூடும். ஐரோப்பாவுக்கு ஒரு நாளில் பல விமானம், டெல்லிக்கு ஒன்று. விமானத்தின் வகையையும் பாருங்கள். யுனைடெட்டின் 787-9-ல் 48 போலாரிஸ் சீட். 777-300-ல் 60. இதில் நான் விரும்பிப் பார்ப்பது லண்டன் போன்ற ரூட்டில் ஓடும் ஒரு வகை 767. மொத்தம் 167 சீட், அதில் 46 போலாரிஸ். நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிசினஸ்! வேலை நாளில் அது கம்பெனிக்காரர்களால் நிறையும். அதே விமானம் கிறிஸ்துமஸ் வாரத்தில், கம்பெனிப் பயணம் நின்றிருக்கும்போது, பாயிண்ட்டுக்குத் திறக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு பயன் தரும் என்று யோசியுங்கள். நெவார்க்–பிராங்பர்ட் இரவு விமானம் 7, 8 மணி நேரம். சாப்பாடு முடிந்து விளக்கணைத்து, இறங்குவதற்கு முன் எழுப்பிவிடும் நேரத்தைக் கழித்தால் தூக்கம் 4 மணி நேரம். பிறகு சென்னை வரை 9 மணி நேரத்துக்கு மேல் எகானமி. திரும்பி வரும்போது பிராங்பர்ட்–நெவார்க் பகல் விமானம். பகலில் படுக்கைக்கு 40 பாயிண்ட் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

லுஃப்தான்ஸா துண்டுக்கு யுனைடெட் பாயிண்ட் செல்லும், ஆனால் முழுக்கட்டண எகானமி டிக்கெட்டாக இருக்க வேண்டும். அந்த விலைக்கு வேறு வழியில் பிசினஸே எடுத்துவிடலாம். அவர்களுடைய சொந்தத் திட்டத்தில் செனட்டர் நிலையில் இருப்பவர்களுக்கு இ-வவுச்சர் என்ற அப்கிரேடு கூப்பன் கொடுக்கிறார்கள். அதை சென்னை–பிராங்பர்ட்டில் போடுகிறவர்கள் உண்டு. அது வேறு கதை.

டல்லாஸ்_செல்வி

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். எங்களுக்குப் பாயிண்ட்டுக்குப் பதில் சிஸ்டம்வைட் அப்கிரேடு என்ற கூப்பன். ஒரு காலத்தில் எக்ஸிக்யூட்டிவ் பிளாட்டினம் என்ற உயர்ந்த நிலைக்கு வருடத்துக்கு 8 கொடுத்தார்கள், பிறகு 4 ஆனது. இப்போது அது ஸ்டேட்டஸோடு தானாக வருவதில்லை. ஸ்டேட்டஸைக் கணக்கிடும் லாயல்டி பாயிண்ட் 1,75,000 தாண்டினால் பரிசுப் பட்டியலிலிருந்து 2 அப்கிரேடைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு மேல் போனால் இன்னும் தேர்வுகள். எண்ணிக்கை குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் இரண்டு விஷயம் இன்னும் நன்றாக இருக்கிறது.

பேசிக் எகானமி தவிர எந்தக் கட்டணமானாலும் அப்கிரேடு செல்லும். டபிள்யூ, கே என்ற தலைவலி இல்லை. மலிவு டிக்கெட் எடுத்தவருக்கு இது பெரிய வரம். இரண்டாவது, ஒரு அப்கிரேடு ஒரு வழியில் மூன்று விமானம் வரை செல்லும். டல்லாஸ்–நியூயார்க், நியூயார்க்–டெல்லி இரண்டுக்கும் ஒன்றே போதும். டெல்லியிலிருந்து சென்னைக்கு இண்டிகோ கோட்ஷேர், அதாவது அமெரிக்கன் எண் போட்டு இண்டிகோ பறக்கும் விமானம், அது எகானமிதான்.

லண்டன் வழியாகப் போகும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது: டல்லாஸ்–லண்டன் அமெரிக்கனே இயக்கும் விமானம் என்றால் அப்கிரேடு செல்லும். அமெரிக்கன் எண் போட்ட டிக்கெட்டாக இருந்தாலும் பறப்பது பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்றால் நம்ப வேண்டாம். லண்டன்–சென்னையும் பிரிட்டிஷ் ஏர்வேஸ்தான். விமானத்தின் எண்ணைப் பார்க்காமல், இயக்குவது யார் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். இது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும்.

டெல்டாக்காரர்கள் யாராவது கேட்டால்: இந்தியாவுக்கு அவர்களுடைய விமானம் 2019 டிசம்பரில் நியூயார்க்–மும்பையில் மறுபடி தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றுவிட்டது. அவர்களுடைய குளோபல் அப்கிரேடு சர்டிபிகேட் டெல்டா விமானத்தில் பெரும்பாலும் ஐரோப்பா வரைக்கும்தான் நமக்குப் பயன்.

ஸ்கார்பரோ_தர்சினி

வணக்கம் மணி அண்ணை. கனடாவில் எங்களுக்கு ஏர் கனடாவின் இ-அப்கிரேடு கிரெடிட். இது உங்கள் முறைக்கு நேர் எதிர். எல்லாத் தூரத்துக்கும் ஒரே விலை கிடையாது. தூரம், வகுப்பு, டிக்கெட் வகை மூன்றையும் பார்த்துக் கிரெடிட் மாறும். விலை கூடிய லேட்டிட்யூட் டிக்கெட்டுக்குக் குறைவு, ஃப்ளெக்ஸுக்குக் கூட, ஸ்டாண்டர்டுக்கு இன்னும் கூட, பேசிக்குக்கு இல்லவே இல்லை. கீழ் நிலைகளில் இருப்பவர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கு மலிவு டிக்கெட்டில் கேட்டால் கிரெடிட்டோடு காசும் கட்ட வேண்டும். மேல் நிலையான சூப்பர் எலைட்டுக்கு அந்தக் காசு இல்லை. எப்போது உறுதியாகும் என்பதும் ஸ்டேட்டஸையும் டிக்கெட் வகையையும் பொறுத்தது. உயர்ந்தவர்களுக்கு வாரக்கணக்கில் முன்பே, மற்றவர்களுக்குப் புறப்படும் நாள் நெருங்கும்போதுதான்.

அதனால் எங்கள் ஆட்கள் கொழும்புக்குப் போகும்போது நீண்ட துண்டில் கிரெடிட் போட்டால் கையில் இருப்பதெல்லாம் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். நான் அம்மாவோடு கதைத்து முடிவெடுத்தது, ரொறன்ரோ–வான்கூவர் போன்ற உள்நாட்டு ரூட்டில் போடுவது. அங்கேயும் சில நேரங்களில் பெரிய விமானம் விடுகிறார்கள், அதே படுக்கைச் சீட். கிரெடிட் குறைவு, கிடைப்பதும் சுலபம். நேரஅட்டவணையில் விமான வகையைப் பார்த்துப் பதிந்தால் போதும்.

ஃப்ரீமான்ட்_மாறன்

தர்சினி சொன்னதற்கு யுனைடெட்டிலும் ஒரு சமம் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, கரீபியன், ஹவாய் எல்லாம் பிராந்திய ரூட் கணக்கு. அங்கே 20 பாயிண்ட்தான். அதில் நெவார்க்–ஹொனலூலுவும் அடக்கம்! சுமார் 11 மணி நேரம், பெரிய விமானம், போலாரிஸ் படுக்கைச் சீட். லண்டனுக்கு 7 மணி நேரத்துக்கு 40 கொடுப்பதற்கு, 11 மணி நேரத்துக்கு 20 என்பது எவ்வளவோ மேல். 20 பாயிண்ட்டில் கிடைக்கும் மிக நீண்ட தூக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று புதியவர்களுக்காக: 2019 டிசம்பருக்கு முன் 1கே நிலைக்கு 6 குளோபல் அப்கிரேடும் 2 பிராந்திய அப்கிரேடும் கொடுத்தார்கள். ஆறு நாற்பது 240, இரண்டு இருபது 40, சேர்த்து 280. அதே 280-ஐத்தான் பாயிண்ட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். அதனால் நமக்கு வந்த லாபம், உடைத்துச் செலவழிக்கலாம் என்பது. முன்பு குளோபல் அப்கிரேடை ஹவாய்க்குப் போட்டால் அது முழுசாகப் போய்விடும். இப்போது பாதிதான் போகும்.

எடிசன்_மணி

ஹவாய் நல்ல யோசனை, மனைவியிடம் சொன்னேன், உடனே தேதி கேட்கிறார். இன்னொரு சந்தேகம். எகானமிக்கும் போலாரிஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் பிளஸ் டிக்கெட் எடுத்து, அதிலிருந்து போலாரிஸுக்குக் கேட்டால் 30 பாயிண்ட்தான் என்று இருக்கிறதே, அது எப்படி?

கொளத்தூர்_பாலா

எனக்குப் பிடித்த வழியே அதுதான் சார், குறிப்பாக வயதானவர்களுக்கு. 40 கொடுத்து எகானமியிலிருந்து கேட்டு, கிடைக்காமல் போனால் பாயிண்ட் கணக்குக்குத் திரும்பிவிடும், சரி. ஆனால் ஆள் எகானமியில் உட்கார்ந்திருப்பார். டபிள்யூவுக்காகக் கொடுத்த கூடுதல் பணமும் திரும்பாது. பிரீமியம் பிளஸில் அப்கிரேடு கிடைக்காவிட்டாலும் அகலமான சீட், கால் தாங்கும் பலகை, நல்ல சாப்பாடு எல்லாம் உறுதியாக இருக்கிறது. அதற்கு மேல் கிடைத்தால் லாபம். எப்போதும் கிடைக்காவிட்டால் எங்கே உட்காருவோம் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். அந்த சீட்டில் உட்கார மனம் வரவில்லை என்றால் அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். அப்கிரேடு வரும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் கடைசியில் விமான நிலையத்தில் மனம் உடைகிறார்கள். ஆப்பில் அப்கிரேடு பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதை நான் விமானம் ஏறும் கேட்டில் கண்டிருக்கிறேன்.

திருச்சி_கலா

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. மணி அண்ணா, உங்கள் அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்களா? பாயிண்ட்டை நீங்கள் பயணம் செய்யாவிட்டாலும் மற்றவர்களுக்குப் போடலாம். 14 மணி நேரத்தை நாற்பது வயதுக்காரர் முதுகுவலியோடு தாங்கிவிடுவார். எழுபது வயதில் கால் வீங்கி, இரவு முழுக்க உட்கார்ந்து, சக்கர நாற்காலியில் இறங்குகிறார்கள். நடு சீட்டில் உட்கார்ந்து, பாத்ரூம் போக எழுந்திருக்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வரும் பெரியவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். என்னிடம் பாயிண்ட் வந்தால் ஒன்றுகூட எனக்கென்று வைக்காமல் அவர்களுக்கே போடுவேன். அவர்களை டிசம்பரில் வரச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை அவர்களுக்கு இல்லை. கூட்டம் இல்லாத பிப்ரவரி, மார்ச்சில், வார நடுவில் பறக்கலாம்.

கொளத்தூர்_பாலா

கலா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. டிக்கெட்டிங் பக்கத்திலிருந்து ஒரே ஒரு எச்சரிக்கை. பெரியவர்கள் தனியாக வரும்போது வெயிட்லிஸ்டை நம்பி விடாதீர்கள். கேட்டில் சீட் மாறினால் கூப்பிடுவது புரியாமல், புதிய போர்டிங் பாஸ் வாங்காமல் தடுமாறுவார்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் அதைவிடச் சிக்கல். அவர்களுக்கு பி.இசட்டில் இரண்டு சீட் கண்ணுக்குத் தெரியும் தேதியாகப் பார்த்து, அந்தத் தேதிக்கு டிக்கெட் எடுத்து, உடனே பாயிண்ட்டைப் போட்டு உறுதி செய்துவிடுங்கள். தேதியை வளைக்க முடிகிறவர்களுக்குத்தான் இந்த பாயிண்ட் உண்மையில் வேலை செய்யும்.

டல்லாஸ்_செல்வி

ஆமாம், எங்கள் பக்கமும் இதேதான், எழுத்து மட்டும் வேறு. அமெரிக்கனில் பிசினஸுக்கான அப்கிரேடு சீட் சி என்ற கணக்கில் இருக்கும். சி-யில் 2 இருக்கும் நாளைத் தேடி எடுத்தால் நிம்மதி. அமெரிக்கனிலும் பெற்றோருக்குக் கொடுக்கலாம்.

எடிசன்_மணி

எல்லோருக்கும் நன்றி. கலா, அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, அம்மா அவரை விட்டு வர மாட்டார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் நானும் மனைவியும் உட்கார்ந்து பேசினோம்.

டிசம்பருக்கு நான்கு பேருக்கும் சாதாரண எகானமி டிக்கெட், நெவார்க்–டெல்லி. 1கே என்பதால் என் பதிவில் இருக்கும் எல்லோருக்கும் எகானமி பிளஸ் இலவசம். கால் வைக்க இடம் இருந்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பாயிண்ட் எதுவும் போடவில்லை.

அப்பா அம்மாவுக்கு மார்ச்சில் பிரீமியம் பிளஸ் எடுத்து, இருவருக்கும் போக, வர 30 வீதம் மொத்தம் 120. பாலா சார் சொன்னபடி இரண்டு சீட் திறந்திருக்கும் நாளாகத் தேடுகிறேன். மீதி 200-ல் வசந்தகால விடுமுறைக்கு ஹொனலூலு, நான்கு பேருக்குப் போக, வர 160. கையில் 40 மிச்சம். பாயிண்ட் அடுத்த வருடம் முழுக்கச் செல்லும் என்று கணக்கில் காட்டுகிறது.

கொளத்தூர்_பாலா

நல்ல திட்டம் சார். இரண்டு விஷயம் மட்டும். ஹொனலூலுவுக்கு வசந்தகால விடுமுறை வாரமும் கூட்டம்தான், இப்போதே பி.இசட் பார்க்கத் தொடங்குங்கள். அப்பா அம்மா டிக்கெட்டை சென்னை–டெல்லி–நெவார்க் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். டெல்லியில் உள்நாட்டு விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாக இருக்கும். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள், அப்கிரேடு உறுதியான பிறகு அந்தக் குறிப்பு பதிவில் இருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை போன் செய்து சரிபாருங்கள்.

எடிசன்_மணி

மார்ச் இரண்டாம் வாரம் புதன்கிழமை பி.இசட்டில் இரண்டு சீட் தெரிகிறது. இன்றிரவு அப்பாவிடம் பேசிவிட்டுப் பதிகிறேன்.